இரண்டாம் பட்டியலில் ஒருவர்

‘நன்றாக இருக்கிறது’ என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. நன்றாக இல்லை என்றும் சொல்ல மாட்டார். டீ வந்தால் சூடாக இருக்கிறது என்பார். சாப்பாட்டில் உப்பு சரியாக இருக்கிறது என்பார். லைன்மேன் ஏழுமலை தன் தம்பிக்குப் பெண் பார்க்கப் போனபோது, மூத்தவர் ஒருவர் கூட வந்தால் மரியாதையாக இருக்கும் என்று அவரையும் அழைத்துப் போனார். மறுநாள் ஆபீஸ் முழுக்க அவரைச் சுற்றி நின்றது.

“பொண்ணு எப்டி சார் கீது?”

“உயரமா இருக்குது.”

“அப்றம்?”

“வலது கையில வாட்ச் கட்டியிருந்துது.”

“அவ்ளோதானா? ஒரு மணி நேரம் பாத்துக்கினு இருந்தாரும்மா இவரு!”

“ஒரு மணி நேரம் பாக்கல. நாப்பது நிமிஷம் அவங்க அப்பா பேசினாரு.”

எண்பத்தாறில் விழுப்புரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஜூனியர் இன்ஜினியராகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்துமூன்று வயது. ஊர் திருச்சி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பெண்கள் விடுதியில் அறை. விடுதியிலிருந்து ஆபீஸ், ஆபீஸிலிருந்து விடுதி. இந்த இரண்டையும் தவிர அந்த ஊரில் எனக்கு மூன்றாவது இடம் கிடையாது. அவர் மெக்கானிக். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். திண்டிவனத்திலிருந்து தினமும் பாசஞ்சர் வண்டியில் வந்து போவார். பதவியில் நான் மேலே, அனுபவத்தில் அவர் மேலே. அவர் என்னை மேடம் என்றார், நான் அவரை சார் என்றேன். அதோடு அந்தச் சிக்கல் தீர்ந்தது.

எங்களுக்குப் பழுதுப் புத்தகம் ஒன்று உண்டு. எந்த நம்பர், என்ன பழுது, எப்போது பார்த்தது, யார் பார்த்தது, என்ன ஆனது என்று கட்டம் கட்டமாக எழுத வேண்டும். கடைசிக் கட்டத்தில் எல்லோரும் எழுதுவது ‘சரி செய்யப்பட்டது’. அவருடைய வரிகள் வேறு மாதிரி இருக்கும். ‘தட்டிய பிறகு வேலை செய்கிறது. காரணம் தெரியவில்லை.’ ‘ரிலே மாற்றியாயிற்று. பழைய ரிலேயில் குறை தென்படவில்லை.’ ‘நான் போவதற்கு முன்பே சரியாகியிருந்தது.’ ஆய்வுக்கு வந்த மேலதிகாரி இதைப் படித்துவிட்டு, இப்படியெல்லாம் எழுதினால் யார் பதில் சொல்வது என்று என்னைக் கேட்டார். எழுதியவரும் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

“தெரியாதத தெரியலன்னுதானே சார் எழுத முடியும்?”

எதிர்த்துப் பேசும் குரல் இல்லை அது. வேறு வழி உண்டா என்று நிஜமாகவே கேட்டார். அன்றிலிருந்து காலையில் வந்ததும் அவருடைய வரிகளை முதலில் படிப்பது எனக்கு வழக்கமாயிற்று.

ஒருமுறை காய்ச்சலில் நான்கு நாள் படுத்துவிட்டு வேலைக்கு வந்தேன். உடம்பு எப்படி என்று கேட்டார். நல்லா இருக்கேன் சார் என்றேன்.

“நல்லான்னா? காச்சல் இல்லையா, இருமல் இல்லையா?”

“காய்ச்சல் இல்ல. இருமல் இருக்கு. ராத்திரி தூக்கம் வர்றதில்ல.”

“அப்ப அத சொல்லுங்க.”

ஊரிலிருந்து வந்த கடிதங்களில்கூட யாரும் அந்த விவரத்தைக் கேட்டிருக்கவில்லை.

அந்த ஆண்டு டிசம்பரில், எனக்கு டைப் அடிக்கத் தெரியுமா என்று கேட்டார். விடுதியில் என்னிடம் சின்ன டைப்ரைட்டர் ஒன்று இருந்தது. மறுநாள் ஒரு ஃபார்மும் ஒரு நோட்டும் கொண்டுவந்தார். தன் கையெழுத்தைப் படிக்க வெளிநாட்டில் ஒருவருக்குச் சிரமமாக இருக்கிறதாம். இனிமேல் டைப் அடித்து அனுப்பும்படி எழுதியிருக்கிறாராம்.

அவர் வீட்டில் ஒரு பின்பால் மெஷின் இருப்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பெரிய பொருட்காட்சிகளில் பார்த்திருப்பீர்கள். நாலு கால் மேஜை, மேலே கண்ணாடி. உள்ளே சரிவான பலகை. வில் கம்பியை இழுத்து விட்டால் இரும்புக் குண்டு ஒன்று மேலே ஓடி, வழியில் நிற்கும் குமிழ்களில் மோதும். மோதினால் மணி அடித்துப் புள்ளி ஏறும். கீழே விழப்போகும் குண்டை இருபக்கப் பொத்தான்களை அமுக்கித் திருப்பி அடிக்க வேண்டும். அடிக்கும் அந்த இரண்டு கட்டைகள்தான் ஃபிளிப்பர். மேஜையின் தலைமாட்டில் ஒரு பெட்டி நிமிர்ந்து நிற்கும். அதன் முகப்பில் படம் வரைந்த கண்ணாடி. பின்னால் விளக்கு எரிந்தால் படமும் புள்ளியும் ஒளிரும். அந்தக் கண்ணாடிக்கு பேக்கிளாஸ் என்று பெயர்.

புதுச்சேரியில் ஏதோ ஒரு மதுக்கடையில் பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் இருந்த மெஷின் அது. வளவனூரில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடந்ததை அவர் வாங்கினார். திறந்து பார்த்தபோது உள்ளே எங்கள் எக்ஸ்சேஞ்சில் இருப்பதைப் போன்ற, மின் இணைப்பைச் சேர்த்துப் பிரிக்கும் ரிலேக்களே வரிசையாக இருந்தனவாம். மூன்று வருடத்தில் ஓட வைத்துவிட்டார். பிறகு கடலோரம் குடியிருந்த ஒரு வெள்ளைக்காரர் மூலம், இதே மாடல் மெஷின்கள் உலகத்தில் எங்கெங்கே மிச்சம் இருக்கின்றன என்று ஐரோப்பாவில் ஒருவர் பதிவேடு வைத்திருப்பது தெரிந்தது. கடிகாரக் கடைக்காரராம் அவர். இவர் எழுதிப் போட்டார். ஃபார்ம் வந்தது.

ஃபார்மோடு ஒரு தாளும் வந்திருந்தது. மெஷின் சேகரிப்பவர்கள் எந்தச் சொல்லை எதற்குப் பயன்படுத்த வேண்டும் என்ற விதிகள். அதை அவர் நோட்டில் தமிழில் எழுதி வைத்திருந்தார். ‘ஒரிஜினல்: தொழிற்சாலையில் செய்தது, பிறகு யாரும் கை வைக்காதது.’ ‘ரெஸ்டோர்டு: கை வைத்தது, வைத்த இடம் எல்லாம் ஒத்துக்கொள்ளப்பட்டது.’ ‘நியூ ஓல்டு ஸ்டாக்: அந்தக் காலத்தில் செய்து, இன்று வரை பெட்டி பிரிக்காத பாகம்.’ ‘பார்ட்ஸ் மெஷின்: இனி ஓடாது, இன்னொன்று ஓடுவதற்குக் கழற்றிக் கொடுக்கலாம்.’ இப்படி நாற்பத்தொரு சொற்கள். நானும் பட்டியல் போடுகிறவள்தான். கடைக்குப் போனாலும் ஊருக்குப் போனாலும் என்னிடம் ஒரு தாள் இருக்கும். ஆனால் ஒரு சொல்லுக்குள் எது அடங்கும், எது அடங்காது என்று இவ்வளவு கறாராகக் கோடு போட்ட பட்டியலை அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்தச் சொற்கள் ஆபீஸிலும் பரவின. ஏழுமலை ஆபீஸ் ஜீப்பை பார்ட்ஸ் மெஷின் என்று கூப்பிட ஆரம்பித்தார். ஆபரேட்டர் கஸ்தூரியக்கா சாப்பாட்டு நேரத்தில் அவரைச் சீண்டினார்.

“சார், எனக்கு நாப்பத்தி ரெண்டு ஆவுது. நான் என்னா கண்டிஷன் சார்?”

“அது மெஷினுக்கு மட்டும்தாம்மா.”

“சும்மா சொல்லுங்க சார். கோச்சிக்க மாட்டேன்.”

“மெஷினுக்கு மட்டும்,” என்றார் மறுபடி. டப்பாவை மூடிவிட்டு எழுந்து போனார்.

ஒவ்வொரு டிசம்பரிலும் உரிமையாளர்கள் தங்கள் மெஷினின் நிலையை எழுதி அனுப்ப வேண்டும். ஜனவரியில் எல்லோருடைய வரிகளையும் சேர்த்து ஒரு சுற்றறிக்கை வரும். மொத்தம் இருபத்திரண்டு மெஷின்கள். திண்டிவனம் பத்தொன்பதாவது. மற்ற இருபத்தோரு பேரில் ஒருவரையும் அவர் பார்த்ததில்லை. ஆனால் சுற்றறிக்கை வந்த வாரம் முழுக்க, சொந்தக்காரர்கள் வீட்டுச் செய்தி போல என்னிடம் சொல்வார்.

“பதினெட்டாவது ஒரு டீச்சரம்மா, மேடம். ரெண்டு வருஷமா இடது ஃபிளிப்பர் வேலை செய்யல. இந்த வருஷம் சரி பண்ணிட்டாங்க.”

“பரவாயில்லையே.”

“பதினொண்ணாவதுகாரருக்குத்தான் என்னமோ ஆயிருக்குது. மூணு வருஷமா அதே வரி. ஒரு துருப்புள்ளிகூட ஏறல. அவரு பாக்கறதில்ல. பாத்தா ஏறாம இருக்காது.”

பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வரும் அந்த நாலு பக்கத்தை அடுத்த ஜனவரி வரை அவர் படிப்பார். மதியம் சாப்பிடும்போது டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும். ரயிலில் சட்டைப்பையில் இருக்கும். மடிப்பில் கிழிந்த இடங்களில் டிரேசிங் தாள் ஒட்டியிருப்பார்.

எண்பத்தேழு ஜனவரிச் சுற்றறிக்கையில் ஒரு புது வேண்டுகோள் இருந்தது. பதிவேட்டைப் புத்தகமாக அச்சிடப் போகிறார்கள். அடுத்த டிசம்பர் அறிக்கையோடு எல்லோரும் பேக்கிளாஸின் புகைப்படம் அனுப்ப வேண்டும். இதைப் பற்றி மட்டும் அவர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. மதியம் டப்பாவுக்குப் பக்கத்தில் கிடந்ததைப் புரட்டியபோது நானாகப் பார்த்துக்கொண்டேன்.

அந்த நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கஸ்தூரியக்கா திண்டிவனத்தில் தங்கை வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். மெஷினைப் பார்க்க வரலாமா என்று முன்பே கேட்டிருந்தேன். வரலாம் என்றிருந்தார்.

மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சந்தில் வீடு. ஒரே கூடம், ஒரு சமையலறை. கூடத்தில் மெஷின் நின்றது. மிச்ச இடத்தில் ஒரு பாய். மாடத்தில் ஒரு டம்ளர், ஒரு தட்டு. எங்களுக்குக் காபி கொடுக்கப் பக்கத்து வீட்டில் டம்ளர் வாங்கிவந்தார்.

கஸ்தூரியக்கா முதலில் ஆடினார். குண்டு மோதுகிற ஒவ்வொரு மணிக்கும் கூவினார். கீழே விழப்போன குண்டைக் காப்பாற்ற மேஜையைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினார். விளக்கெல்லாம் பொசுக்கென்று அணைந்தது.

“ஐயய்யோ! கோச்சிக்கிச்சா சார்?”

“டில்ட் ஆயிடுச்சு. ஆட்டினா நின்னுடும்.”

திரும்ப இயக்கியபோது நான் பேக்கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பனிக்கட்டி மேல் சறுக்கும் ஒரு பெண், நீலப் பாவாடை விரிய. பனி கடல் அலை மாதிரி நுரைத்திருந்தது. சறுக்குக் காலணிகள் வார்ச் செருப்பாக இருந்தன. அந்தப் பெண்ணின் கண் மை காது வரைக்கும் நீண்டிருந்தது. எனக்குப் புரிவதற்குள் கஸ்தூரியக்கா கண்டுபிடித்துவிட்டார்.

“இது நம்ம போர்டு ஆர்ட்டிஸ்ட் கைங்க சார்! ரைஸ் மில் போர்டுல லட்சுமிக்கும் இதே கண்ணுதான். அவருதானே?”

“ஆமா.”

“நல்லாத்தான் போட்டிருக்காரு. செருப்பு மட்டும் ஏன் இப்டி?”

“ஐஸ்மேல போற செருப்ப அவரு பாத்ததில்ல. நானும் பாத்ததில்ல.”

கஸ்தூரியக்கா சிரித்துக்கொண்டே டம்ளர்களைக் கழுவி, பக்கத்து வீட்டில் கொடுக்கப் போனார். நான் கூடத்திலேயே நின்றேன். போன டிசம்பரில் நான் டைப் அடித்த வரி எனக்கு நினைவிருந்தது. பேக்கிளாஸ்: ஒரிஜினல்.

“சார், ஃபார்ம்ல…”

“தெரியும் மேடம்.”

சமையலறையிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து திறந்தார். செய்தித்தாளில் தனித்தனியாகச் சுற்றிய கண்ணாடித் துண்டுகள், பதினொன்று. இரும்புக் கடையில் கிடைத்தது அவ்வளவுதானாம். மூன்றில் ஒரு பங்கு இருக்கும். ஒரு துண்டில் முழங்கை, ஒன்றில் நீலம், ஒன்றில் வெறும் வெள்ளை. இவற்றைத் தரையில் பரப்பி, நடுவில் இல்லாததை ஊகித்து, ஓவியர் புதுக் கண்ணாடியில் வரைந்திருக்கிறார்.

“ஆறு வருஷம் முன்ன மொத ஃபார்ம் வந்தப்ப கடைசியில ஒரு வரி இருந்துது. பேக்கிளாஸ் ஒரிஜினலா இல்லாத மெஷின் ரெண்டாவது லிஸ்ட்டுக்குப் போயிடும். மொத லிஸ்ட்டுல இருக்கறவங்களுக்கு மட்டுந்தான் ஜனவரி லெட்டர். தபால் செலவு அந்தக் கடிகாரக்காரரு கைக்காசு. அதனால.”

“அதனால ஒரிஜினல்னு போட்டீங்க.”

“போட்டேன். அது ஒண்ணுதான். மத்தது எல்லாம் சரி.”

அவர் எழுதியவற்றில் பொய்யாக ஒன்று இருக்கும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அதைவிட, அதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. போட்டோ எடுக்க இங்கே வசதி இல்லை என்று எழுதிவிடலாமே என்றேன். ஆறு வருடமாக யாருக்கும் இதனால் நஷ்டமில்லை, ஒரே ஒரு சொல்தானே என்றேன்.  அவர் துண்டுகளைத் திரும்பச் சுற்ற ஆரம்பித்தார்.

வண்டி மயிலம் தாண்டும்போது கஸ்தூரியக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. 

“அவருக்குக் கல்யாணம் ஆயிருந்துது, தெரியுமா ஒனக்கு? மரக்காணம் பக்கத்துப் பொண்ணு. ரெண்டே வருஷம். பொறந்த வூட்டுக்குப் போனது திரும்பி வரல. பொங்கலுக்குப் பொடவ கட்டிக்கினு வந்து எப்டி இருக்குதுன்னு கேட்டா, பச்சையா இருக்குதுன்னு சொன்னாராம் மனுசன்.” விக்கிரவாண்டியில் வண்டி நின்றபோது சொன்னார்: “எங்கயோ இருக்கற இருவத்தோரு பேருக்காவ ஒரு பொய் சொல்ல முடிஞ்சிருக்குது பாரு.”

டிசம்பர் இரண்டாம் வாரம் என் மேஜைக்கு வந்தார். இரண்டு கடிதம் வேண்டும் என்றார். ஒன்றில், புகைப்படம் எடுக்க வசதி இல்லை, மன்னிக்கவும். இன்னொன்றில், பேக்கிளாஸ் ஒரிஜினல் அல்ல, உள்ளூர் ஓவியர் வரைந்தது, முதல் ஆண்டிலிருந்தே தவறாக எழுதிவந்தேன், புகைப்படம் இணைத்துள்ளேன். இரண்டையும் டைப் அடித்தேன். இரண்டிலும் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போனார். எதைத் தபாலில் சேர்த்தார் என்று நான் கேட்கவில்லை. முதல் கடிதமாக இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். இன்றைக்கும் அதை மறைக்க விரும்பவில்லை.

ஜனவரியில் தினமும் காலையில் கேட்பேன்.

“வந்துதா சார்?”

“வரல மேடம்.”

பதினைந்தாம் தேதிக்கு மேல் நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். அவர் தானாகச் சொல்ல ஆரம்பித்தார். காலையில் வந்து பையை மாட்டும்போது, “வரல,” என்பார். வண்டி தாமதம் என்று சொல்வது போலத்தான் இருக்கும். பழைய சுற்றறிக்கை சட்டைப்பையில் இல்லை. மதியம் டப்பாவுக்குப் பக்கத்தில் எதுவும் இல்லை. ஏழுமலைகூடச் சீண்டுவதை விட்டுவிட்டார்.

பிப்ரவரியில் ஒரு நாள் மெல்லிய ஒற்றைத் தாளை என் மேஜையில் வைத்தார். வரிசை எண் பத்தொன்பது முதல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. இரண்டாம் பட்டியலில் எண் நான்கு. பேக்கிளாஸ்: உள்ளூரில் புதிதாக வரையப்பட்டது, உரிமையாளர் தெரிவித்தபடி. இனி சுற்றறிக்கை அனுப்பப்பட மாட்டாது. கீழே கையெழுத்து. கண்டிப்பு இல்லை, நன்றியும் இல்லை. கடிகாரக் கடைக்காரரும் இவரைப் போலத்தான் போலிருக்கிறது.

நான் படித்து முடிக்கும் வரை நின்றார்.

“சரியா போட்டிருக்காரு,” என்றார்.

“ஒரு வார்த்தை நல்லதா எழுதியிருக்கலாம் சார். யாரு இப்படித் தானா எழுதிப் போடுவாங்க?”

“அதுக்கு ஃபார்ம்ல எடம் இல்ல மேடம்.” தாளை மடித்தார். மடித்ததைத் திரும்பப் பிரித்துப் பார்த்தார். “அந்த டீச்சரம்மா ஃபிளிப்பர் என்ன ஆச்சுன்னு இனிமே தெரியாது.”

அவ்வளவுதான் சொன்னார். அன்று பழுதுப் புத்தகத்தில் அவருடைய வரிகள் ஏழு. எல்லாவற்றையும் படித்தேன். எதிலும் எந்த வித்தியாசமும் இல்லை.

அடுத்த டிசம்பரிலும் ஃபார்மைக் கொண்டுவந்தார். அவரே கோடு போட்டுத் தயாரித்தது. வலது ஃபிளிப்பர் தேய்மானம், இரண்டு விளக்கு மாற்றியது, அடிப்பலகையில் ஒரு புது விரிசல். டைப் அடித்துக் கொடுத்துவிட்டு, எங்கே அனுப்புகிறீர்கள் என்று கேட்டேன்.

“அனுப்பறதுக்கு இல்ல. வருஷம் முடிஞ்சா பாத்து எழுதறதுதானே.”

எண்பத்தொன்பதில் எனக்குத் திருச்சிக்கு மாற்றல் வந்தது. வழியனுப்பு விழாவில் எல்லோரும் பேசினார்கள். என் திறமை, என் பொறுமை, என் சிரித்த முகம். நான் அவ்வளவாகச் சிரிப்பவள் அல்ல. ஏழுமலை அவரையும் பிடித்து எழுப்பிவிட்டார்.

“மேடம் மூணு வருஷம் இங்க இருந்தாங்க. ஃபால்ட் புக்க தினம் படிச்சாங்க,” என்றார். உட்கார்ந்துவிட்டார். கூட்டம் சிரித்தது. அன்று பேசப்பட்டதில் எனக்கு நினைவிருப்பது அது மட்டும்தான்.

அன்று மாலை விழுப்புரம் ஸ்டேஷனில் அவருடைய வண்டிக்கு இருபது நிமிடம் இருந்தது, என் வண்டிக்கு ஒரு மணி நேரம். ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். என் பெட்டிகளை எண்ணிப் பார்த்து, ஐந்து இருக்கிறது என்றார். அவருடைய வண்டி வந்து நின்றபோது நான் சொன்னேன்.

“லெட்டர் போடறேன் சார். வருஷத்துக்கு ஒண்ணாவது கண்டிப்பா போடறேன்.”

அவர் சரி என்று சொல்லவில்லை. 

“போட்டா பதில் போடறேன், மேடம்.”

ஏறிக்கொண்டார். உள்ளே கூட்டம். எந்தப் பக்கம் போனார் என்று தெரியவில்லை.

இது நடந்து ஐந்து வருடம் ஆகிறது. அவருடைய முகவரி என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு ஜனவரியிலும் நான் போடும் பட்டியலில் ‘திண்டிவனம், கடிதம்’ என்று ஒரு வரி வரும். ஆண்டு முடியும்போது அது அடுத்த பட்டியலுக்குப் போகும். கல்யாணம், குழந்தை, இரண்டு மாற்றல், எழுத நேரம் கிடைக்கவில்லை என்று இந்த இடத்தில் முதலில் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். நேரம் இருந்தது.

எழுதவில்லை.